ஒளித்துவைத்த விதி

என் நண்பனை ஒன்பது முறை ஏமாற்றி ஜெயித்திருக்கிறேன். பகடையில் கை வைக்கவில்லை. அவன் அட்டைகளை எட்டிப் பார்க்கவும் இல்லை. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விதியைச் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். அவன் தமிழ் வழியில் படித்தவன். பட்டறை வேலை முடித்து வந்த பிறகு பக்கம் பக்கமாக ஆங்கில விதிகளைப் படிக்க அவனுக்குத் தெம்பிருக்காது. "நீ சொல்லுடா, நான் ஆடுறேன்" என்பான். அந்த நம்பிக்கையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து, ஜி.எம்.டி. கேம்ஸ் 2006-இல் வெளியிட்ட 'கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்' என்ற விளையாட்டு அது. பெட்டியைத் திறந்தால் 300-க்கும் மேற்பட்ட மரக்கட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் நாமே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதில் பாதியை அவன்தான் ஒட்டிக்கொடுத்தான், ஒன்றுகூடக் கோணாமல். ரோமும் கார்த்தேஜும் மோதிய போர்களை அறுகோணக் கட்டங்களின் மேல் திரும்ப நடத்திப் பார்க்கலாம். காலாட்படைக்கு நான்கு கட்டை, குதிரைப்படைக்கு மூன்று. பகடையின் ஆறு முகங்களிலும் எண்கள் கிடையாது. இலகுப்படைக்குப் பச்சை வட்டம், நடுத்தரப் படைக்கு நீல முக்கோணம், கனப்படைக்குச் சிவப்புச் சதுரம். பிறகு தலைக்கவசம், குறுக்கு வாள்கள், பின்வாங்கச் சொல்லும் கொடி.

நான் மறைத்தது நழுவும் விதி. கனமான படையொன்று கைகலப்புக்கு வந்தால், இலகுக் குதிரைப்படை நின்று அடி வாங்க வேண்டியதில்லை. இரண்டு கட்டம் தன் பக்கமாக விலகி ஓடலாம். அப்படி ஓடும்போது எதிரியின் பகடையில் பச்சை வட்டம் விழுந்தால்தான் சேதம். வாளும் கவசமும் எதுவும் செய்யாது. நின்றால் கதை வேறு. ரோமின் கனக்காலாட்படை ஐந்து பகடை உருட்டும். பக்கத்தில் தளபதியும் இருந்துவிட்டால் ஆறு முகத்தில் மூன்று முகம் உயிரைக் குடிக்கும். மூன்றே கட்டைகள் உள்ள குதிரைப்படை ஒரே உருட்டலில் காணாமல் போய்விடக்கூடும்.

முதல் ஆட்டத்தில் உண்மையாகவே மறந்துவிட்டேன். அன்றிரவு படுக்கையில் விதிப்புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. மறுவாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுவாரம் பலகையை விரித்தபோது சொல்லவில்லை. அவனுக்குப் படிப்படியாகத்தான் கற்றுத்தர வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் குழம்பிவிடுவான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும். பள்ளி நாள்களிலிருந்து சதுரங்கத்தில் அவனை நான் ஜெயித்ததே இல்லை. முதல் தடவையாக ஒரு பலகையின் முன்னால் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று நான் நினைப்பது ட்ரெபியா ஆட்டத்துக்குத்தான். கி.மு. 218 டிசம்பரில், ட்ரெபியா ஆற்றங்கரையில், கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் விடியற்காலையில் தன் இலகுக் குதிரைப்படையான நுமிடிய வீரர்களை ரோமானிய முகாமை நோக்கி அனுப்பினார். சீண்டுவதும் விலகுவதும்தான் அவர்களுக்கு வேலை. ரோமின் கான்சல் செம்ப்ரோனியஸ் அந்தத் தூண்டிலைக் கடித்தார். காலை உணவுகூட உண்ணாத தன் படையை மார்பளவு குளிர்ந்த நீரில் இறக்கினார். அக்கரையில் கார்த்தேஜ் படையினர் வயிறார உண்டு, தீக்காய்ந்து, உடலில் எண்ணெய் பூசிக் காத்திருந்தார்கள். ஹன்னிபாலின் தம்பி மகோ 1,000 காலாட்களுடனும் 1,000 குதிரை வீரர்களுடனும் புதருக்குள் பதுங்கியிருந்தார். நுமிடியர்கள் சிதறி ஓடுவார்கள், துரத்துகிறவன் குழம்பி நிற்கும்போது திரும்பி வந்து தாக்குவார்கள் என்று வரலாற்றாசிரியர் போலிபியஸ் எழுதியிருக்கிறார். ஓடுவது அவர்களுக்குக் கோழைத்தனமாக இருக்கவில்லை, அதுவே அவர்களுடைய போர்க்கலையாக இருந்தது. அந்தக் கலை முழுவதையும் வடிவமைப்பாளர் ரிச்சர்ட் போர்க் நழுவும் விதி என்ற ஒன்றுக்குள் வைத்திருக்கிறார். இந்த விளையாட்டை நான் நேசிப்பதற்கே அதுதான் காரணம். அதையேதான் பிடுங்கிவிட்டு என் நண்பனிடம் கார்த்தேஜைக் கொடுத்தேன்.

அவனுடைய நுமிடியர்கள் வரிசையாக நின்று செத்தார்கள். மூன்றாவது குதிரைப்படையும் பலகையை விட்டுப் போனபோது அதன் கடைசிக் கட்டையை விரலால் உருட்டிக்கொண்டே கேட்டான்: "இவனுங்க ஏன்டா நின்னு சாகுறானுங்க? கையில ஈட்டி, கீழ குதிரை. நெசத்துல ஓடிப் போயிருக்க மாட்டானுங்க?"

விதிப்புத்தகத்தைத் தொடாமலே அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டான். என்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைவிட நல்ல தருணம் எனக்குக் கிடைத்திருக்காது. "விளையாட்டுல அப்படித்தான்டா" என்றேன்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை ஆடினோம். பிறகு, "எனக்கு இதெல்லாம் வராதுடா, நீ வேற ஆளப் பாரு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டான். தனக்கு அறிவு போதவில்லை என்று நம்பிக்கொண்டுதான் அவன் போனான். அவனை அப்படி நம்பவைத்தவன் நான். அவன் படியிறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நான்கு வருடம் கழித்துப் போன மாதம்தான் பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டான். "எத்தனை கட்டம் ஓடலாம்?" என்றான்.

"ரெண்டு."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். அந்தப் பலகையை மனத்துக்குள் விரித்துப் பார்க்கிறான் என்று தெரிந்தது.

"நான் அன்னைக்கே கேட்டேன்ல" என்றான். பிறகு லேத்தை ஓட்டினான்.