கோயிலுக்கு வராதவர்கள்

"பக்தி குறைஞ்சு போச்சு, அதான் வரல" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கேட்டுப் பார்த்தால் காரணம் வேறு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பல கிறிஸ்தவ சபைகளில் சங்கக் காணிக்கை என்னும் சபைச் சந்தா பாக்கி இருந்தால், பிள்ளையின் கல்யாண அறிவிப்பான ஓலையைக் கோயிலில் வாசிக்கக்கூடத் தயங்கி நிற்க வேண்டும். கணவரைப் பிரிந்த பெண்ணிடம் ஆராதனை முடிந்த கையோடு, "வீட்டுக்காரர் வரலையாம்மா?" மகனைப் பறிகொடுத்த தாயிடம், "விசுவாசம் பத்தலை." அப்புறம் யார் வருவார்கள்?

அசனப் பண்டிகை என்னும் சபை விருந்துக்குச் சாதி மதம் கேட்காமல் பந்தி போடுகிறோமே, அந்த மனசு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். வராதவர் வீட்டுக்குப் போங்கள். காணிக்கைக் கவர் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். அவர் பேசட்டும். திரும்பி வரும் நாளில், "இத்தனை நாள் எங்க போனீங்க?" என்று கேட்காமல், பக்கத்தில் உட்கார இடம் கொடுங்கள்.