நேரில் வந்து எடுத்துச் செல்க

ஏலம் நமக்குப் புதியதன்று. காணிக்கையாக வந்த வாழைத்தாரும் கோழியும் ஆலய முற்றத்தில் ஏலம் போவதைப் பார்த்தே நம்மில் பலர் வளர்ந்தோம். அங்கே கேட்பவர் கண்ணெதிரே நிற்கிறார். மூன்றாம் தரம் சொல்லி முடிந்ததும் பொருளைத் தம் கையாலேயே தூக்கிக்கொண்டு போகிறார். ‘இதை என் வீட்டில் யார் கொண்டுவந்து சேர்ப்பது?’ என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இணைய ஏலம் கேட்பவரையும் பொருளையும் பிரித்துவிட்டது. 1995ஆம் ஆண்டு பியர் ஒமிடியார் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய ஈபே என்னும் தளம், 1999இல் பிரிட்டனுக்கு வந்தது. இன்று ஒருவர் தம் அறையில் அமர்ந்தபடி, ஐந்நூறு மைல் தொலைவில் இருக்கும் அலமாரிக்கு விலை கேட்கிறார். இந்த வசதியிலிருந்து பிறந்த ஒரு சிறு சிக்கல், நீதியைப் பற்றியும் இரக்கத்தைப் பற்றியும் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

இங்கிலாந்தில் ஒரு பங்கில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். அங்கே பழைய பங்குத்தந்தை இல்லத்தைக் காலி செய்ய நேர்ந்தபோது, அதிலிருந்த தட்டுமுட்டுப் பொருள்களை ஈபேயில் விற்பதெனப் பங்குப்பேரவை முடிவு செய்தது. ஆடை அலமாரி, பியானோ, எட்டுப் பேர் அமரும் உணவு மேசை, நாற்பத்தெட்டு உருப்படிகள் கொண்ட பீங்கான் தட்டுகளின் தொகுதி ஆகியவை அவற்றுள் சில. விளம்பரம் எழுதுவதும் வரும் மடல்களுக்கு விடை அளிப்பதும் என் பொறுப்பாயின. ஒவ்வொரு விளம்பரத்தின் தலைப்பிலும், ‘நேரில் வந்து எடுத்துச் செல்க, அஞ்சலில் அனுப்ப இயலாது’ என்று எழுதினோம்.

அவ்வாறு எழுதக் காரணங்கள் இருந்தன. அந்நாட்டு அஞ்சல் நிறுவனமான ராயல் மெயில், தன் நடுத்தரப் பொதிக்கு 20 கிலோ எடையும் 61 சென்டிமீட்டர் நீளமும் எல்லையாக வைத்திருக்கிறது. நான்கு பேர் சேர்ந்து நகர்த்தும் பியானோவுக்கு அங்கே வழியில்லை. தட்டுகளை இரண்டு பெட்டிகளாகப் பிரித்தால் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே தாளில் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்துக் கட்ட வேண்டும். எங்களுக்கு உதவியவர்கள் எல்லாரும் எழுபதைக் கடந்த முதியவர்கள். மேலும், விற்பவர் அனுப்பும் பொருள் வழியில் உடைந்தால், இழப்பு விற்பவரையே சேரும். அது என் பொருளாயின் துணிந்திருப்பேன். பங்கு மக்களின் பொருளை வைத்துத் துணிய எனக்கு உரிமையில்லை.

எனினும் விளம்பரம் வெளியான முதல் நாளே மடல் வந்தது: ‘அஞ்சல் செலவு எவ்வளவு?’ தொடர்ந்து பல வந்தன. இப்படிக் கேட்பவர்கள் ஒரே வகையினர் அல்லர். சிலர் படத்தை மட்டும் பார்த்து, எழுத்தைப் படிக்காமல் கேட்பவர்கள். சிலர் படித்தும், கேட்டுப் பார்ப்பதில் என்ன குறை என்று எண்ணுபவர்கள். வண்டி இல்லாதவர்கள், முதியவர்கள், நடக்க இயலாதவர்கள் சிலர். வஞ்சகரும் உண்டு. ‘விலைக்கு மேலாகவே பணம் அனுப்புகிறேன், மிகுதியை எடுத்துச் செல்ல வரும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று எழுதுவார்கள். பணம் வந்ததாகக் காட்டும் மடல் போலி. கையிலிருந்து கொடுத்த மிகுதியோ மெய்ப் பணம். இவர்கள் பொருளின் நிலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதே இவர்களை அறியும் வழி.

வஞ்சகருக்கு விடை எழுதத் தேவையில்லை. மற்றவர்களுக்கு அன்றே விடை எழுதினேன். ‘மன்னிக்கவும், இயலாது’ என்பதை முதல் வரியிலும், காரணத்தை இரண்டாம் வரியிலும் வைத்தேன். ‘பார்க்கலாம்’ என்று இழுப்பது கனிவு போலத் தோன்றும். ஆனால் அது கேட்பவரை வீணாகக் காத்திருக்க வைக்கும். மூன்றாம் வரியில், திறந்திருக்கும் வழியைச் சொன்னேன். ‘நேரில்’ என்றால் வாங்கியவரே வர வேண்டும் என்று பொருளன்று. இணையத்தில் பணம் செலுத்தியவருக்கு ஈபே ஆறு இலக்கக் குறியீடு ஒன்றைத் தருகிறது. அதைப் பெற்று வரும் நண்பரிடமோ வண்டி ஓட்டுநரிடமோ பொருளைக் கொடுக்கலாம். ஷிப்லி, எனிவேன் போன்ற தளங்களில் சுமை ஏற்றிச் செல்வோரை அமர்த்திக்கொள்ளலாம். வெறுமையாகத் திரும்பும் வண்டியாயின் வாடகை குறையும். அலமாரியும் மேசையும் இவ்வாறே போயின.

மெய்யான சோதனை தட்டுகளால் வந்தது. 31 பவுண்டுக்கு அவற்றை ஏலத்தில் எடுத்தவர் ஸ்காட்லாந்தின் வட கோடியில் வாழும் ஓர் அம்மையார். பணம் செலுத்திய பிறகே எழுதினார். அறுவைச் சிகிச்சை முடிந்து ஊன்றுகோலுடன் நடப்பதாகவும், வண்டியை அமர்த்தினால் தட்டுகளின் விலையைப் போல் நான்கு மடங்கு கேட்பதாகவும், தம் தாயின் வீட்டில் இருந்தவை இதே பூவேலைத் தட்டுகள் என்பதால் விட மனமில்லை என்றும் சொல்லி, எப்படியாவது அஞ்சலில் அனுப்பும்படி வேண்டினார்.

யாருக்குத்தான் மனம் இளகாது? அனுப்பிவிடலாம் என்றே முதலில் தோன்றியது. ஆனால் மூன்று நாள் முன்னர் வேறொரு பெண்மணி இதே தட்டுகளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். இயலாது என்றேன்; நன்றி சொல்லி அவர் ஒதுங்கிக்கொண்டார். கேளாமலே ஒதுங்கியவர்கள் எத்தனை பேர்? விளம்பரத்தைப் படித்து, தொலைவை எண்ணி, நாம் வைத்த விதியை மதித்து விலை கேட்காமல் விட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய முகத்தை நாம் பார்க்கவில்லை, பெயரையும் அறியோம். இப்போது விதியைத் தளர்த்தினால், மதித்தவர் இழப்பார், மதியாதவர் பெறுவார். 31 பவுண்டு என்ற விலையே, அவர்கள் விலகி நின்றதால் அமைந்த விலை அல்லவா?

வணிகர் பிறர் பொருளைத் தம் பொருள்போல் பேண வேண்டும் என்னும் கருத்தை வள்ளுவர் பொருள் செயல்வகையில் வைக்கவில்லை; நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வைத்தார். அந்த இடம் பொருள் நிறைந்தது. கண்முன் நின்று கேட்பவருக்கு இரங்குவது எளிது. கண்ணில் படாதவருக்கு உரியதை நினைவில் வைப்பதே நடுவுநிலைமை.

ஆகவே அம்மையாருக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். அவர் விரும்பினால் விற்பனையை விலக்கி, பணத்தை முழுமையாகத் திருப்புவதாகவும், பெட்டி கட்ட ஆள் கிடைத்தால் அஞ்சல் கட்டணத்தை வெளிப்படையாகக் குறித்து மீண்டும் ஏலம் விடுவதாகவும் சொன்னேன். அவர் இசைந்தார். ஞாயிறு திருப்பலிக்குப் பின் இந்த உதவியை அறிவித்தபோது, ஓர் இளம் தம்பதியர் பெட்டி கட்டித்தர முன்வந்தனர். புதிய விளம்பரம் வெளியானதும், முன்பு கேட்டு ஒதுங்கிய பெண்மணிக்கும் செய்தி அனுப்பினேன். இம்முறை ஏலம் 42 பவுண்டு வரை ஏறி, இருவருக்கும் அன்றி மூன்றாம் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.

‘வருத்தம்தான், ஆனால் நியாயம்’ என்று அம்மையார் எழுதினார். அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். நீதி, வேண்டியவர் கையில் பொருளைச் சேர்த்துவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எல்லாரையும் ஒரே அளவையில் நிறுத்துவதே அது செய்யக்கூடியது.

அப்படியானால் இரக்கத்துக்கு இடம் எங்கே? புனித தோமா அக்குவினாஸ் தம் ‘இறையியல் சுருக்கம்’ என்னும் பெருநூலில், வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சனையைப் பற்றி ஒரு வினாவையே ஒதுக்கியிருக்கிறார். தானியம் விலையேறிய ஊருக்குத் தானியம் கொண்டுவரும் வணிகன், பின்னால் இன்னும் பலர் கொண்டுவருகிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டுமா என்று அங்கே ஆராய்கிறார். நீதி அவனை அவ்வாறு கட்டாயப்படுத்தாது. ஆயினும் சொன்னாலோ விலையைக் குறைத்தாலோ அது மேலான நற்பண்பு என்கிறார். அந்த வணிகன் விட்டுக்கொடுப்பது தன் ஆதாயத்தை என்பது கருதத்தக்கது. நீதிக்கு மேலே ஏறும் இரக்கம், தனக்குரியதிலிருந்து கொடுப்பதாகும். பிறருக்கு உரிய வாய்ப்பை எடுத்துக் கொடுப்பது, கொடுப்பவருக்குச் செலவில்லாத தாராளம்.

அந்தத் தொகுதியில் சேர்க்காமல் விட்ட, விளிம்பில் சில்லுப்போன குழம்புக் கிண்ணம் ஒன்று எஞ்சியிருந்தது. அதே பூவேலை கொண்டது. உரிய விலையை என் பணத்திலிருந்து பங்குக் கணக்கில் செலுத்தி, என் கையாலேயே சுற்றிக் கட்டி, அம்மையாருக்கு அஞ்சலில் அனுப்பினேன்.

இணையத்தில் பொருள் விற்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். விதியைத் தெளிவாக எழுதுங்கள். ஏலம் தொடங்குமுன் மாற்ற வேண்டுமாயின் எல்லாரும் காண மாற்றுங்கள். முடிந்த பிறகு ஒருவருக்காக மட்டும் மாற்றாதீர்கள். மறுக்கும்போது விரைந்து மறுத்து, வேறு வழியையும் சொல்லுங்கள். இரங்க வேண்டும் என்று உள்ளம் தூண்டினால், தடுக்காதீர்கள். ஆனால் அதன் செலவு உங்கள் பையிலிருந்து போகட்டும்.