பொம்மையின் விரல் மறையாமல் பிரைமர் அடிப்பது எப்படி?

நவராத்திரி நெருங்குகிறது. பரணிலிருந்து பெட்டியை இறக்கி, பழைய கொலு பொம்மைக்குப் புது வர்ணம் அடிக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண் பொம்மையின் உயிர் வர்ணத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது. விளாச்சேரியோ பண்ருட்டியோ, அச்சில் மண்ணை அழுத்தி எடுக்கும்போது விழுகிற கண் இமை, புடவை மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. அதன்மேல் கெட்டியாக ஒரு பூச்சு, சில வருஷம் கழித்து இன்னொரு பூச்சு என்று போனால் பள்ளமெல்லாம் நிரம்பிவிடும். பொம்மை பளபளக்கும், முகம் இருக்காது.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் காகிதக் கூழில் மேடுபள்ள வரைபடம் செய்யச் சொல்வார்கள். கெட்டி பெயின்ட் பூசினால் பாலக்காட்டுக் கணவாய் அடைபட்டுப் போகும் என்று எங்கள் கைத்தொழில் ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருப்பார். அதே பாடம்தான் இதுவும்.

எனக்கு இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு வயது 78. கண் நீர் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் கொலுப்படி அவள்தான் அடுக்குவாள். ஒவ்வொரு பொம்மையையும் விரலால் தடவி, "இது மாவு அரைக்கிறவ, இது நம்ம அம்மா வாங்கின கிருஷ்ணன்" என்பாள். சில வருஷத்துக்கு முன் தசாவதார செட்டை ஓரிடத்தில் வர்ணம் அடிக்கக் கொடுத்தோம். எனாமலை வழியவழியப் பூசித் தந்தார்கள். அக்கா வாமனரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாருடி?" என்று கேட்டாள். பத்தில் நாலைத்தான் அவளால் அடையாளம் சொல்ல முடிந்தது. மீதிப் பெட்டியில் 23 பொம்மைகள். அவற்றை நாமே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன்.

காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். வெங்காய மூட்டை இறக்குகிற சத்தத்தைத் தாண்டி, பக்கத்துத் தெருவில் ஒரு பெயின்ட் கடை. ஸ்ப்ரே டப்பா கேட்டதும் கடைத் தம்பி, "இதை எடுத்துக்கங்க டீச்சர், வண்டியில எவ்வளவு கீறல் இருந்தாலும் மூடிடும்" என்று ஒன்றை நீட்டினார். நமக்கு வேண்டாதது அதுதான்! கீறலை மூடுவது புடவை மடிப்பையும் மூடும். ஃபில்லர் என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். சாதாரண சாம்பல் நிற பிரைமர் போதும். வெள்ளையைவிடச் சாம்பலில் மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். அப்படியே ஓரத்தில் இதழ் வேலை செய்த நாலு அகல் விளக்கும் வாங்கினேன். சோதனை முதலில் அதில்தான்.

இனி செய்முறை.

பொம்மையைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள். உரிந்து நிற்கும் பெயின்டை மூங்கில் சிம்பாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி ஆகாது. மாஸ்க் போடுங்கள்.

காலை வெயிலில் மொட்டை மாடிதான் சரியான இடம். அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடாது. மழை ஈரத்தில் அடித்தால் பூச்சு வெளுத்துப் போகும். உச்சி வெயில் காற்றில் அடித்தால் துளி வழியிலேயே காய்ந்து மணல்போல ஒட்டும்.

டப்பாவுக்குள் குண்டு உருளும் சத்தம் கேட்ட பிறகும் இரண்டு நிமிஷம் குலுக்குங்கள். தூரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். நம் ஒரு அடி ஸ்கேலில் முக்கால் பங்கு. பொம்மைக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பொம்மையைக் கடந்து போய் விரலை எடுங்கள். நேராக வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் குளம் கட்டும். நாலு பக்கமும் திருப்பி, தாடைக்குக் கீழே சாய்த்து அடியுங்கள்.

மண் முதல் பூச்சை உறிஞ்சிவிடும். போதவில்லை என்று தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு 15 நிமிஷம் காத்திருந்து, அதே மெல்லிசாக இன்னொரு முறை. பழைய நிறம் லேசாகத் தெரிந்தாலும் நிறுத்திவிடுங்கள். பிரைமரின் வேலை மறைப்பது இல்லை, அடுத்து வரும் வர்ணத்துக்குப் பிடிமானம் தருவது. ஒரு நாள் காயவிட்டு, அக்ரிலிக் வர்ணத்தை நீர்க்கக் கரைத்து அடியுங்கள். தெர்மோகோல் பொம்மைக்கு இந்த ஸ்ப்ரே ஆகாது, கரைந்துவிடும்.

இதுவரை 11 முடிந்திருக்கிறது. அவற்றைக் கொண்டுபோய் அக்கா மடியில் வைத்தேன். கிருஷ்ணனை எடுத்து, குழல் மேல் இருக்கும் விரல்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். "எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள்.

கடைசியாக ஒன்று. வர்ணம் மங்கியிருந்தாலும் உரியாமல் இருக்கிற பொம்மையைத் தொடவே தொடாதீர்கள். துணியால் துடைத்துப் படியில் வையுங்கள், போதும். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.