டிக்கியில் இருபது லிட்டர் காற்று!

ஓசூர் என்றால் வாட்ச், டி.வி.எஸ். வண்டி, லேலண்ட் லாரி, ரோஜாப்பூ என்று நாலு சமாசாரம் சொல்வார்கள். ஐந்தாவதாக ஒன்றை நான் பார்த்தேன். கார் டிக்கிக்குள் உட்கார்ந்து 'டும் டும்' என்று அதிர்கிற பெட்டி!

காட்டியவர் என் டாக்சி டிரைவர். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது, சூளகிரி தாண்டியதும், "சார், அரை மணி நேரம் டயம் கொடுத்தீங்கன்னா பட்டறைல பெட்டியை மாட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்றார். அந்த அரை மணி மூன்று மணி நேரம் ஓடியது. வாட்ச் செய்கிற ஊரிலேயே இப்படி!

சிப்காட் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. பட்டறைப் பெரியவர் பையனைத் தெலுங்கில் திட்டினார், கன்னடத்தில் எண்ணினார், எங்களிடம் தமிழில் பேசினார். எல்லை ஊரில் இதெல்லாம் சகஜம்.

டிரைவருக்கு சங்கீதத்தைவிடப் பெரிய பிரச்னை, சூட்கேஸ். வண்டி லோனில் ஓடுகிறது. சவாரியில் பாதிக்குமேல் தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு. பயணி இரண்டு பெரிய சூட்கேசோடு நிற்பார். டிக்கியில் இடமில்லை என்றால் அடுத்த தடவை வேறு வண்டிக்குத்தான் போன் போகும். பெங்களூர் ஜே.சி. ரோடில் ஸ்பீக்கர் வாங்கியபோது ரெடிமேட் பெட்டி ஒன்றைக் காட்டினார்களாம். இரண்டு கன அடி, அதாவது சுமார் 56 லிட்டர். அதை வைத்தால் டிக்கியில் டிபன் கேரியர்கூட நுழையாது.

"ராத்திரி ரெண்டு மணிக்கு காலி வண்டில திரும்பறப்ப தூக்கம் தள்ளுது சார், அதான்" என்றார்.

தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்டித் தூங்குவதுதான் வைத்தியம், ஸ்பீக்கர் இல்லை என்றேன்.

"அதையும் செய்வேன் சார்."

பெட்டி எதற்கு, ஸ்பீக்கரை அப்படியே திருகி மாட்டினால் ஆகாதா? ஆகாது. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. மாமியார் சொல்வதை மருமகள் அதே மூச்சில் மறுப்பது போல இரண்டும் சந்தித்தால் கனத்த ஓசை காணாமல் போய்விடும். பின்பக்கத்தை அடைத்து வைக்கத்தான் பெட்டி. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் 1954-ல், அடைத்த காற்றையே ஸ்பிரிங் மாதிரி வேலை வாங்கலாம் என்று செய்து காட்டினார். சின்னப் பெட்டியில் பெரிய 'டும்' வந்தது அதற்கப்புறம்தான்.

ஆனால் அந்தக் காற்று சரியான அளவில் இருக்க வேண்டும். நம் டிரைவரின் பத்து அங்குல ஸ்பீக்கருக்கு 20 லிட்டர் என்று அதன் காகிதத்தில் போட்டிருந்தது. "ஒரு அடிக்கு ஒரு அடி பெட்டின்னா 28 லிட்டர்னு கணக்குப் போட்டுட்டு வருவாங்க. பதினெட்டு மில்லி பலகையோட கனத்தைக் கழிச்சுப் பாருங்க" என்றார் பெரியவர். பேப்பரில் போட்டுப் பார்த்தேன். உள்ளே மிஞ்சுவது 19 லிட்டர் சொச்சம்!

டிக்கியின் இடது மூலையில், சக்கர வளைவுக்குப் பின்னால் ஒரு பள்ளம் சும்மாவே கிடக்கிறது. போன வாரமே அதன்மேல் டேப் ஒட்டி, ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து அடுக்கடுக்காகப் போட்டு அச்சு எடுத்து, முகப்புப் பலகையும் பொருத்தி வைத்திருந்தார்கள். பார்க்க அரைகுறைப் பலாப்பழம் போலிருந்தது. கோணல் மாணலான இதற்குள் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று எந்த ஸ்கேல் சொல்லும்?

பையன் ஒரு மூட்டையைத் தூக்கி வந்தான். ராகி! கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அதற்கென்ன பஞ்சம்? லிட்டர் படியால் அளந்து அளந்து கொட்டினான். "ஒந்து... எரடு... மூரு..." என்று பெரியவர் எண்ணினார். இருபத்து நாலில் வாய் நிறைந்தது. ஸ்பீக்கரின் காந்தமும் கூடும் உள்ளே அடைக்கிற இடம் இரண்டு லிட்டர். ஆக 22 போதும். மிச்சம் இரண்டு லிட்டருக்கு ஒரு மரக்கட்டையை உள்ளே ஒட்டினார்கள்.

"அந்த ராகி ராத்திரி களிக்கா?" என்றேன்.

"ஃபைபர் தூசு பட்டதைத் திங்கலாமா சார்? இது அளவுக்குன்னே வச்சிருக்கிற மூட்டை."

பிறகு, சடன் பிரேக்கில் பறந்து வராதபடி பெட்டியை போல்ட் போட்டு இறுக்கினார்கள். பாட்டரியை ஒட்டியே ஒரு ஃப்யூஸ். ஒயர் எங்காவது உரசினால் தீப்பிடிக்காமல் இருக்க. ஸ்டெப்னி மூடி தடையில்லாமல் திறக்கிறதா என்று பெரியவரே இரண்டு தரம் திறந்து பார்த்தார்.

பாட்டு போட்டதும் அதிர்ந்தது பெட்டி அல்ல, பின்னால் நம்பர் பிளேட்! 'ஜிர்ர்ர்...' அதற்கு நாலு ரப்பர் வாஷர்.

கடைசிப் பரீட்சைக்கு என் சூட்கேஸ்தான் எலி. அது படுத்தது. அதன் பக்கத்தில் அதே அளவில் பட்டறை மரப்பெட்டி ஒன்றும் படுத்தது. டிக்கி 'டப்'பென்று மூடிக்கொண்டது.

அத்திப்பள்ளி நெருங்கும்போது டிரைவருக்கு போன். ஓரங்கட்டி எடுத்தார். "காலைல நாலு மணிக்கு ஏர்போர்ட்டா? எத்தனை பெட்டி சார்?... ரெண்டு பெரிசா? வைக்கலாம் சார், தாராளமா வைக்கலாம்!"