தராசில் நின்ற கொழுந்து

பேராதனை வளாகத்தில் நின்று நிமிர்ந்து நோக்குவார்க்கு ஹந்தானை மலைத்தொடர் எந்நாளும் கண்ணுக்கெதிரே நிற்கும். அதன் சாரலில் 1983ஆம் ஆண்டு, சிறிது காலத்துக்கு மட்டும், ஓர் இந்தியக் கிராமம் தோன்றி மறைந்தது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ என்னும் திரைப்படத்துக்காக எழுப்பப்பட்ட ஊர் அது. கதை நிகழ்வது இந்தியாவில். ஆயினும், கதைப்பிரதியில் மாற்றங்கள் வேண்டுமென்று இந்திய அரசு கேட்டமையால் படக்குழுவினர் கண்டியை நாடி வந்தனர். ஏப்ரல் 18ஆந் திகதி படப்பிடிப்புத் தொடங்கியது. கிராமத்துப் பூசாரியாக டி. ஆர். நாணயக்கார நடித்தார். விக்டோரியா அணைக்கட்டு வேலைத்தலத்துக்கு அண்மையில், ஆழ்ந்த பள்ளத்தாக்கின் குறுக்கே, அணை கட்ட வந்த பொறியியலாளரின் துணையோடு ஒரு தொங்குபாலம் அமைக்கப்பட்டது. படக்கருவிகளின் முன்னே அது ஒரு நொடியில் அறுத்து வீழ்த்தப்பட்டது.

அந்நாட்களில் லொறிகள் மலையேறியதைக் கொழுந்து மடுவத்து வாசலில் நின்று பார்த்தவர் ஒருவர் அச்சாரலில் இன்றும் வாழ்கின்றார். தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பதாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் தராசின் அருகே நின்று, பெண்கள் பறித்து வந்த கொழுந்தின் எடையைக் கொப்பியிற் பதிந்தவர். அவருடைய பேரன் பேராதனையில் வணிகவியல் பயில்கின்றான். அவர்கள் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்த முதற் பிள்ளை அவனே.

பேரனும் அவன் நண்பர் இருவரும் ஒரு கனவு வளர்த்திருந்தனர். மலைகளும் மாயக்காரரும் அரக்கரும் நிறைந்த ஒரு கணினி விளையாட்டை அவர்களே ஆக்கியிருந்தனர். அதனைச் சிறு திரைப்படமாகவும் எடுத்துவிட வேண்டுமென்பது அவர்கள் ஆவல். பொருள் வேண்டுமே! பெரியவரின் சேமலாப நிதிப் பணத்தில் எஞ்சியது வங்கியிலே கிடந்தது. அதைக் கேட்பதற்காக ஒரு விடுமுறை நாளில் அவன் லயத்துக்கு வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, விளையாட்டுப் படங்கள் பெருஞ்செல்வம் ஈட்டும் என்பதற்குச் சான்றாக ஒரு தாளிலே கணக்கும் எழுதி வந்தான்.

அத்தாளின் தலைப்பில் நின்றது ‘வார்க்ராஃப்ட்’. அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் 1994 இல் வெளியிட்ட கணினி விளையாட்டு அது. மானிடரும் ஓர்க்குகள் எனப்படும் அரக்க இனத்தாரும் பொரும் கற்பனை உலகம் அதன் களம். 2004 இல் வந்த அதன் பெருவடிவத்தை உலகெங்கும் பல இலட்சம் பேர் கட்டணஞ் செலுத்தி ஆடினர். டங்கன் ஜோன்ஸ் இயக்கத்தில் 2016 இல் அது திரைப்படமாயிற்று. ஆக்கச் செலவு ஏறத்தாழ 160 மில்லியன் டொலர். உலகெங்கும் அரங்குகளில் வசூலானது ஏறத்தாழ 439 மில்லியன் டொலர். 439 இலிருந்து 160 ஐக் கழித்து, மீதி 279 என்று சிவப்பு மையால் கோடிட்டிருந்தான் பேரன்.

பெரியவர் தாளை நெடுநேரம் பார்த்தார்.

“ஏன் தம்பி, இது தராசுல நின்ன கொழுந்தா, பேர்ல எழுதின கொழுந்தா?”

“விளங்கல்ல தாத்தா.”

“தராசுல இருவது கிலோ நிக்கும். கூடைக்குக் கழிப்பாங்க, ஈரத்துக்குக் கழிப்பாங்க. அப்புறந்தான் பேர்ல எழுதுறது. எழுதினதும் அப்பிடியே தூளாயிருமா? நாலரைக் கிலோ பச்சக் கொழுந்து காஞ்சாத்தான் ஒரு கிலோ தூளு. நீ தராசைப் பாத்துட்டு தூளு வித்த காசைச் சொல்றியே.”

மலையகத்தில் எவரும் அறிந்த செய்திதான் இது. ஆயினும் திரைப்படங்களின் இலாப நட்டம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தவறுமிடமும் இதுவே. வசூல் என்பது பார்வையாளர் நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம். படமெடுத்தோர் பெற்ற பணம் அன்று. அரங்குக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்ட பின்னரே எஞ்சியது மேலே செல்லும். அமெரிக்காவிற் பொதுவாக ஏறத்தாழப் பாதி படக் கொம்பனியைச் சேரும். பிற நாடுகளில் அதனினும் குறையும். நூற்றுக்கு 40 என்று கொள்வது வழக்கம். சீனத்தில், 2012 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, வருவாய்ப் பங்கு முறையில் இறக்குமதியாகும் பிறநாட்டுப் படத்துக்கு நூற்றுக்கு 25 மட்டுமே கிடைக்கும்.

வார்க்ராஃப்டின் கணக்கை இவ்வாறு பகுத்து நோக்கினால் அதன் முகம் மாறிவிடுகின்றது. வட அமெரிக்காவில் அது பெற்றது ஏறத்தாழ 47 மில்லியன் மட்டுமே. பாதியென்றால் 23 அல்லது 24. சீனத்தில் ஏறத்தாழ 220 மில்லியன், காற்பங்கு 55. ஏனைய நாடுகளில் 172 மில்லியன். நூற்றுக்கு 40 என்றால் 69. மூன்றையுங் கூட்டினால் 147 அல்லது 148 வரும். செலவோ 160. விளம்பரச் செலவு இந்த 160 இல் அடங்குவதில்லை. பெரும் படங்களுக்கு அது தனியே பல கோடி டொலராகும். தொலைக்காட்சி உரிமையும் இல்லந்தோறும் பார்க்கும் உரிமையும் பின்னர் சிறிது சிறிதாக வரவு தரும் என்பது உண்மையே. அவற்றையுஞ் சேர்த்தே இறுதிக் கணக்கு முடியும். எனினும் 279 மில்லியன் மீதியென்ற பேரனின் சிவப்புக் கோடு நிற்பதற்கு இடமில்லை. இரண்டாம் பாகம் எடுக்க இயக்குநருக்கு விருப்பமிருந்தும் அது எடுக்கப்படவில்லை. முதலிட்டோரின் தீர்ப்பை இதிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம்.

பேரன் தன் தாளைத் திருப்பி வைத்தான். ஆனால் வணிகவியல் மாணவனல்லவா? எளிதில் தோற்றுவிடவில்லை. “அப்ப அந்தப் படம் நட்டமா தாத்தா?” என்று கேட்டான்.

“யாரு புஸ்தகத்துல?” என்றார் பெரியவர்.

இவ்வினாவே இந்த ஆராய்ச்சியின் மையம். வார்க்ராஃப்டை எடுத்த லெஜண்டரி நிறுவனத்தைச் சீனத்து வாண்டா குழுமம் 2016 இன் தொடக்கத்தில் 3.5 பில்லியன் டொலர் விலைக்கு வாங்கியது. அதே குழுமத்துக்குச் சீனத்தில் மாபெரும் அரங்குத் தொடர் ஒன்று உண்டு; அமெரிக்காவின் ஏ.எம்.சி. அரங்குகளும் அப்போது அதன் கையில் இருந்தன. எனவே, படமெடுத்தவனின் பங்கிலிருந்து அரங்குக்காரனுக்கென்று கழிந்த பணத்தில் ஒரு பகுதி அதே வீட்டின் மற்றோர் அறைக்கே சென்றது. விளையாட்டை உடைய பிளிஸார்டின் புத்தகம் மூன்றாவது. படம் பார்த்து விளையாட வந்தோர் எத்தனை பேர் என்பது அங்கே எழுதப்படும். ஒரே படம் ஒரு புத்தகத்தில் நட்டமாயும் மற்றொன்றில் வரவாயும் நிற்றல் கூடும்.

தமிழ்த் திரையுலகிலும் இதற்குச் சான்றுண்டு. நூறு நாள் ஓடியதாகச் சுவரொட்டி ஒட்டிய படத்தை விலைகொடுத்து வாங்கிய விநியோகஸ்தர் கடனாளியானதுண்டு. அவர் உறுதித்தொகை கொடுத்துப் படத்தை எடுத்திருப்பின், தயாரிப்பாளர் வெளியீட்டுக்கு முன்பே இலாபங் கண்டிருப்பார். நட்டம் முழுவதும் கீழ்ப்படியில் நிற்பவரையே சேரும். 2002 இல் வெளிவந்த ‘பாபா’ எதிர்பார்த்தவாறு ஓடாதபோது, நாயகரும் தயாரிப்பாளருமான ரஜினிகாந்த் விநியோகஸ்தரின் இழப்பை ஈடுசெய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அச்செயல் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் அஃது அரிதாயிருத்தலேயாம்.

விளையாட்டிலிருந்து பிறந்த படங்களெல்லாம் ஐயத்துக்குரியன என்பதுமில்லை. 2023 இல் வந்த சூப்பர் மாரியோ ஓவியப்படம் ஏறத்தாழ 100 மில்லியன் செலவில் உருவாகி 1,360 மில்லியன் வசூலித்தது. அதைக் காற்பங்காக்கினாலும் செலவை மிஞ்சும். அதே ஆண்டில் வந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ படம் விமர்சகரின் பாராட்டைப் பெற்றது. 1974 இல் தோன்றிய புகழ்பெற்ற விளையாட்டு அதற்கு மூலம். ஆயினும் 150 மில்லியன் செலவுக்கு 208 மில்லியன் வசூல், அரங்குப் பங்கைக் கழித்தபின் முதலுக்கே போதாது. நன்றாயிருத்தலும் இலாபமாயிருத்தலும் வெவ்வேறு என்பதற்கு அது சான்று. இன்னொன்று ‘ஃபைனல் ஃபேன்டஸி’. ஏறத்தாழ 137 மில்லியன் விழுங்கி, 2001 இல் 85 மில்லியன் மட்டும் வசூலித்த அப்படத்தின் பின், அதனை ஆக்கிய ஹொனலூலுக் கலைக்கூடமே மூடப்பட்டது. இங்கே பகுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. தராசிலேயே குறைவு தெரிகின்றது.

“அப்ப நம்ம மலையில எடுத்த படம்?” என்று பேரன் கேட்டான். அது ஏறத்தாழ 28 மில்லியன் செலவில் உருவாகி, 1984 இல் வெளிவந்து, உலகெங்கும் 333 மில்லியன் ஈட்டியது. எந்தக் கணக்கிலும் அது பெருவெற்றி. 1985 இல் அட்டாரி நிறுவனம் அதை நாணயம் இட்டு ஆடும் விளையாட்டாகவும் ஆக்கிற்று. விளையாட்டு படமாவதற்கு முந்திய காலத்தில், படம் விளையாட்டாகி அதிலும் வரவு கண்டது.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: “வேலைக்குப் போனவங்களுக்கு நாட்சம்பளம் கெடைச்சிச்சு. அத்தோட சரி. பாலம் அறுந்து விழுந்ததப் பத்தி ஊரே பேசிச்சு. அவங்க போயிட்டாங்க. ஆடி மாசம் வந்திச்சு.”

ஆடி மாதம் என்று அவர் சொன்னதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 1983 யூலையில் தமிழர்மேல் நிகழ்ந்த வன்செயல் மலைநாட்டையும் விட்டுவைக்கவில்லை. திரைத்தொழிலின் புத்தகத்திலும் அதற்கோர் ஏடுண்டு. சிங்களப் படங்கள் பலவற்றை உருவாக்கிய தமிழரான கே. குணரத்தினத்தின் விஜயா கலைக்கூடம் ஹெந்தளையில் எரிக்கப்பட்டது. படங்களின் மூலச்சுருள்கள் அங்கே சாம்பலாயின. கண்டியில் எடுக்கப்பட்ட படம் உலகை வலம் வந்து பன்மடங்கு ஈட்டிய காலமும், இத்தீவின் படங்கள் எரிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றே. இழந்தவற்றுக்கு விலை குறிக்க எந்தக் கணக்கப்பிள்ளையாலும் முடியாது. அதனாற்போலும், பெரியவர் அவ்வாண்டின் இலாபத்தைக் கேட்டபோது மகிழவுமில்லை, பழிக்கவுமில்லை.

அன்று பணம் பற்றிய பேச்சு அவ்வளவில் நின்றது. ஒரு கிழமை கழித்துப் பேரன் புதியதொரு தாளோடு வந்தான். அதில் வசூல் என்ற சொல்லே இல்லை. எவர் முதலிடுகிறார், எவர் இடையில் பங்கெடுப்பார், எஞ்சுவது எவர் கைக்கு வரும், போனால் எவரது போகும் என்று நான்கு நிரல்கள் இருந்தன. நான்காம் நிரலில், தாத்தா என்ற பெயருக்கு எதிரே, முன்பு கேட்டதிற் காற்பங்கு மட்டும் எழுதப்பட்டிருந்தது. எஞ்சியதை நண்பர் மூவரும் விடுமுறையில் வேலை செய்து சேர்ப்பதென்று அடியிலே குறிப்பிட்டிருந்தனர்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தாளை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். “இது பேர்ல எழுதின கொழுந்து” என்றார். மறுநாட் காலை பேரனோடு கண்டிக்கு பஸ் ஏறினார். வங்கியில் அவர் எடுத்தது அந்தக் காற்பங்கே. ஒரு சதமும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை.

பல மில்லியன்கள் புரளும் படத்துக்கும் ஒரு லயத்தின் சேமிப்பிலே பிறக்கும் படத்துக்கும் வெற்றியை அளக்கும் முறை ஒன்றே. தராசின் முள்ளை மட்டும் பார்த்தல் போதாது. எது கழிந்தது, எவர் கொப்பியில் எழுதப்பட்டது, இழப்பு வந்தால் அதை எவர் சுமப்பார் என்று வினவுதல் வேண்டும். இவற்றுக்கு விடை கண்ட பின்னரே இலாபம் என்ற சொல்லை நாவால் உரைத்தல் தகும். விடை காண இயலாதவிடத்து, வசூல் இவ்வளவு என்று சொல்லி அமைதலே நேர்மை. பேரனின் படம் இன்னும் முடியவில்லை. அதன் வரவுசெலவுக் கொப்பி மட்டும் பெரியவரின் தலைமாட்டில், பழைய கொழுந்துக் கொப்பிகளின் மேலே இருக்கின்றது.