ஒரு மணி நேரத்துக்கு எத்தனை அடி?

2019 தீபாவளி என்றாலே எங்கள் காரைக்குடி வீட்டில் எல்லோருக்கும் டிவிதான் ஞாபகம் வரும். அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை மாலை, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தீபாவளி. பலகாரத் தட்டு அப்படியே இருக்க, எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

கிணற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டி, அதன் வழியாகக் குழந்தையை மீட்பதுதான் திட்டம். பெரிய ரிக் இயந்திரம் வந்தது. அடியில் கடும் பாறை. ராமநாதபுரத்திலிருந்து அதைவிடச் சக்தி வாய்ந்த இன்னொரு ரிக்கும் வந்தது. அப்போதும் வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது.

"போர்வெல்லை ஒரே நாள்ல போட்டுட்டுப் போயிடுறாங்க. இம்புட்டுப் பெரிய மெஷினுக்கு என்ன கேடு?" என்றார் ஆச்சி.

குவைத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மாமா லீவில் வந்திருந்தார். "ஆச்சி, போர்வெல் ஆறரை இஞ்ச். இது ஆள் இறங்குற குழி, ஒரு மீட்டர் அகலம்" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அகலம் ஆறு மடங்கு என்றால், உடைக்க வேண்டிய பாறை 36 மடங்கு!

"இன்னும் கொஞ்சம் அமுக்கினா வேகமா இறங்காதா மாமா?" என்று கேட்டேன்.

எண்ணெய்க் கிணற்றில் ரிக் வாடகை நாள் கணக்கு. ஒவ்வொரு மணி நேரமும் பணம். ஆனாலும் அங்கே கண்மூடித்தனமாக அமுக்க மாட்டார்களாம். துளைக்கும் பிட் மீது எவ்வளவு எடை, நிமிடத்துக்கு எத்தனை சுற்று, உடைந்த துகளை மேலே கொண்டுவரும் சேற்றுக் கரைசல் எவ்வளவு... இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சுற்றை மாற்றாமல் எடையைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஆகும் நேரத்தைக் குறிப்பார்கள். ஓர் அளவுக்கு மேல் எடை கூட்டினாலும் வேகம் கூடாது, பிட்தான் தேயும். துகள் வெளியேறாவிட்டால், உடைத்ததையே திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். களிமண் என்றால் பிட்டிலேயே அப்பிக்கொள்ளும். பாறை மாறினால் இந்தக் கணக்கையும் மறுபடி போட வேண்டும்.

"அங்க பாறையைப் படிக்க எங்களுக்கு நேரம் இருக்கு. இங்க அதுக்கு நேரமில்லையேப்பா. அதிர்வு கூடினா புள்ள இன்னும் கீழ நழுவிடும்" என்றவர், அதற்குமேல் பேசவில்லை.

பக்கத்துக் குழி முடியவேயில்லை. 29-ம் தேதி அதிகாலை, குழந்தையின் உடலைத்தான் எடுத்தார்கள்.

இன்று டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். எங்காவது குழந்தை கிணற்றில் விழுந்ததாகச் செய்தி வந்தால், 'எத்தனை அடி தோண்டியாச்சு?' என்பதுதான் நிமிடத்துக்கு நிமிடம் அப்டேட். அதை டைப் செய்யும்போதெல்லாம் மாமா சொன்னதுதான் ஞாபகம் வரும். நல்ல வேகத்துக்கு முன்தயாரிப்பு வேண்டும். விபத்து நடந்த இடத்தில் அதற்கு அவகாசமே கிடையாது.

அவகாசம் இருப்பது நமக்குத்தான். உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் கிணறு என்றால், குழாயின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அல்லது போல்ட், நட்டு போட்ட உறுதியான மூடியால் அடைக்க வேண்டும். மோட்டாரை ரிப்பேருக்குக் கழற்றினாலும் திறந்து போடக் கூடாது.

உங்கள் வயலிலோ, காலி மனையிலோ தண்ணீர் வராமல் விட்ட போர்வெல் இருக்கிறதா? சாக்கு போட்டுக் கல் வைத்திருந்தால் போதாது. இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்களேன்.