மைல்கல், நடுகல்

கென்னத் ஆண்டர்சனை நம்மில் பலர் படித்திருக்கிறோம்; இலக்கியம் என்று ஒப்புக்கொண்டு படித்தவர்கள் குறைவு. ரயில் பயணத்துக்கு வாங்குகிற புத்தகம் என்ற அளவில்தான் அவருக்கு இடம். 1910-ல் பிறந்து 1974-ல் பெங்களூரில் மறைந்தவர். விமானத் தொழிற்சாலையில் உத்தியோகம். வேட்டையும் எழுத்தும் விடுமுறைக் காரியங்கள். வங்கிக் கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைத்துக்கொண்டு விமர்சனம் எழுதுகிற எனக்கு அவரிடம் ஏற்பட்ட ஒட்டுதலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முக்கியமான காரணம் வேறு. அவர் இடத்தை மழுப்புவதில்லை. இந்த ஊரிலிருந்து இத்தனை மைல், இந்த ஆறு, இந்தக் காட்டு பங்களா என்று எழுதுகிறார். புலி விஷயத்தில் அவர் மிகைப்படுத்துகிறார் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். மைல் கணக்கு சரியாக இருந்தால் வாசகன் புலியையும் நம்பிவிடுகிறான். வசனத்தின் பழைய தந்திரம் இது. நம் கதைகளில் 'ஒரு கிராமம்', 'ஒரு மலையடிவாரம்' என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆண்டர்சனின் முதல் புத்தகம் 1954-ல் வந்தது. அதன் ஊர்களில் சில நம் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஜவளகிரியும் கும்மளாபுரமும் தேன்கனிக்கோட்டைப் பக்கம். பென்னாகரமும் முத்தூரும் சின்னாறும் ஒகேனக்கல்லுக்குப் போகும் வழியில். அவர் எழுதும்போது எல்லாம் சேலம் ஜில்லா. 1965-ல் தருமபுரி பிரிந்தது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி. ஊர் நகராமலே மாவட்டம் மாறுவது எனக்குப் புதிதல்ல. அறந்தாங்கியும் 1974 வரை தஞ்சாவூர் ஜில்லாவில்தான் இருந்தது.

இரண்டு வருஷ விடுப்புகளைச் சேர்த்து, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டு பக்கங்களுக்கும் போய்வந்தேன். வேட்டைக்காரன் சுட்ட இடத்தைத் தேடிப் போவது ஒருவகை ஸ்தல யாத்திரை. இதில் நான் தனி ஆள் அல்ல. ருத்ரபிரயாகையில் ஜிம் கார்பெட் 1926-ல் சிறுத்தையைச் சுட்ட இடத்தில் நினைவுச் சின்னமே வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒன்றும் கண்ணில் படவில்லை. மைல்கற்கள் போய்க் கிலோமீட்டர் கற்கள் வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஒகேனக்கல்லில் எண்ணெய்த் தேய்ப்பும் மீன் வறுவலும் பஸ் பஸ்ஸாக இறங்கும் கூட்டமும். அதற்குச் சற்றுத் தள்ளிச் சின்னாறு காவிரியில் கலக்கிறது. காடு இருக்கிறது. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும் தெற்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டன. வேட்டையை 1972 சட்டமே முடித்துவைத்துவிட்டது.

போகும் வழியில் புத்தகத்தின் தலைப்புகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜவளகிரியின் ஆட்கொல்லி. கும்மளாபுரத்தின் புள்ளிப் பிசாசு. பனப்பட்டியின் ஒற்றை யானை. ஊரின் பெயர் மிருகத்துக்குப் போய்விட்டது. அதுவே அந்த ஊருக்கு உலகத்தில் கிடைத்த ஒரே அறிமுகம். கும்மளாபுரத்துச் சிறுத்தை கொன்றது 42 பேரை என்று கணக்கு சொல்லப்படுகிறது. 42 என்ற எண் நினைவில் நிற்கிறது, ஆட்கள் நிற்கவில்லை. தலைப்புகளில் வரும் ஒரே மனிதப் பெயர் பைரா. சின்னாற்றங்கரையில் வாழ்ந்த பூசாரி, ஆண்டர்சனுக்குக் காட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர். அந்த ஒரு தலைப்புக்காகவே நான் ஆண்டர்சனை மற்ற வேட்டை எழுத்தாளர்களிடமிருந்து பிரித்து வைப்பேன்.

இதை ஒரு குறையாக எப்போது உணர்ந்தேன் என்றால், தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்தபோது. இந்தப் பிரதேசம் நடுகற்களின் பிரதேசம். ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கும் கல். புலியோடு பொருது செத்தவனுக்கும் கல். எழுத்துள்ள கல்லில் இன்ன அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்னான் மகன் இன்னான் என்று செத்தவனின் பெயர் இருக்கும். அவனைக் கொன்ற புலி கல்லில் செதுக்கப்பட்டிருக்கும், பெயரில்லாமல். அகத்தில் தலைவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று விதி வைத்த அதே மரபு, புறத்தில் பெயரையும் ஊரையும் சொல்லியே தீர்த்தது. அழிவுக்கு எதிராக மனிதனால் வைக்க முடிந்தது பெயர் ஒன்றுதான் என்ற பிரக்ஞை அதில் இருக்கிறது. ஆண்டர்சனின் உலகில் இது தலைகீழ். கொன்றதற்குப் பட்டம்; செத்தவர்களுக்கு எண்ணிக்கை. சுட்டவனுக்கோ புத்தகம் முழுவதும்.

வெள்ளைக்காரப் பார்வை என்று சொல்லி இதை எளிதில் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டர்சனுக்குத் தமிழும் கன்னடமும் தெரியும். சாதாரண ஜனங்களோடு உட்கார்ந்து டீ குடித்தவர். குறை மனிதனிடத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. வேட்டைக் கதைக்கு எதிராளி வேண்டும். எதிராளிக்குப் பெயர் வேண்டும். செத்தவர்கள் கதை தொடங்குவதற்கான காரணம் மட்டுமே.

ஜவளகிரிக்கு வெளியே ஒரு ராகிக் கொல்லையில் பரண் ஒன்றைப் பார்த்தேன். ஆண்டர்சன் புலிக்காகக் காத்திருந்ததும் இப்படி ஒரு பரணில்தான். ஆனால் இது யானைக்கு. அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் இறங்கிவரும். தெலுங்கும் கன்னடமும் கலந்த தமிழில் கொல்லைக்காரர் சொன்னார்: "தூங்கினா ராகி போச்சு சார். எழுந்து ஓட்டினா ஆள் போச்சு." ஆண்டர்சன் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. கேள்விப்பட்டிருக்க அவசியமும் இல்லை. துப்பாக்கியோடு சில ராத்திரிகள் உட்கார்ந்தவர் எழுதினார். டார்ச் விளக்கோடும் பட்டாசோடும் வருஷா வருஷம் உட்காருகிறவர் எழுதவில்லை. தினைப்புனம் காத்தவளைப் பற்றி அத்தனை பாட்டு வைத்திருக்கிற மொழியில், ராகிக் கொல்லை காக்கிறவரைப் பற்றி எவ்வளவு இருக்கிறது என்பதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் கிடைத்த மாதிரி இந்தக் கரட்டுக் காட்டுக்கு யார்?

இது பழைய விஷயம் அல்ல. 2019-ல் கோவைப் பக்கம் சின்னத்தம்பி என்ற யானையின் பெயர் எல்லார் வாயிலும் இருந்தது. 2023-ல் அரிக்கொம்பன் கம்பத்துக்குள் வந்தபோதும் அப்படியே. யானைகள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவற்றின் வழியில் நாம்தான் குறுக்கே கட்டியிருக்கிறோம். பெயர் வைத்ததால்தான் அவற்றுக்காகப் பேச ஆள் வந்தது என்பதும் உண்மை. ஆனால் அரிக்கொம்பன் கம்பத்தில் தள்ளிவிட்டதில் காயப்பட்டு ஒருவர் இறந்தார். அவர் பெயர் பத்திரிகைகளில் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது நினைவிருக்கிறது?